நான்காவது வருகை

நான்காவது வீட்டு வருகையை எழுதி முடித்தபோது செந்தமிழ்ச்செல்விக்கு விரல் மரத்துப்போயிருந்தது. ஒரு கர்ப்பிணியை நான்கு முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதும் ரெக்கார்டு நோட்டைக் கையால்தான் எழுத வேண்டும். அச்சடித்து ஒட்டினால் பாடம் எடுக்கும் மேடம் கிழித்துப் போட்டுவிடுவார். எழுதிய விஷயம் யாருடையது என்று மட்டும் கேட்கமாட்டார். அதனால் மூன்றாம் ஆண்டு நர்சிங் பெண்கள் மொத்தப் பேரும் செல்போனில் ஏஐயிடம் கேட்டு வாங்கி, மடியில் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள்.

முதல் வருகை மட்டும் செல்வி நிஜமாகவே போனது. வெள்ளிமலையில் ஜீப்பை விட்டிறங்கி ஒரு மணி நேரம் நடந்தாள். அம்சவள்ளிக்கு எட்டாம் மாதம். வீங்கிய பாதத்தை அமுக்கினால் குழி விழுந்தது. பிரஷர் நூற்றைம்பதுக்கு நூறு. தனியாகப் பார்த்த முதல் பிரஷர் அது. ஸ்டெதாஸ்கோப்பில் சரியாகக் கேட்டோமா என்று தன் காதுமேலேயே அவளுக்குச் சந்தேகம்.

"அடுத்த செவ்வாக்கெழம வந்து இன்னொரு தபா பாக்கறேன்க்கா. அப்பவும் ஜாஸ்தியா இருந்தா கீழ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடலாம்" என்று சொல்லி, துண்டுச்சீட்டில் குண்டு குண்டான எழுத்தில் தேதி எழுதிக் கொடுத்தாள்.

அந்தச் செவ்வாய் மழை. அடுத்த செவ்வாய் தேர்வு. மூன்றாவது செவ்வாய், போனால் என்ன சொல்வது என்ற கூச்சத்திலேயே போகவில்லை. அங்கே டவர் கிடையாது, கூப்பிடவும் முடியாது. ஊர் நர்ஸம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் போகாதது தெரிந்துவிடும். குணமாகாத நோயாளியை எழுதினால் மேடத்துக்குப் பிடிக்காது. ஆகவே பிரஷரைப் படிப்படியாகக் குறைத்து மீதி மூன்று வருகையையும் எழுதித் தரச் சொல்லி ஏஐயிடம் கேட்டாள். தந்தது. அடியில் தனியாக ஒரு வரியும் இருந்தது: இவர் உண்மையான நோயாளி என்றால் இன்றே மருத்துவரிடம் காட்டவும். அதை இரண்டு முறை படித்தாள். ஆனால் ரெக்கார்டில் அந்த வரிக்குக் கட்டம் இல்லை. விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை, மலைக்குக் கீழே அவர்கள் பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் மேடம் நோட்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "உன்னுதுதான்டி ஒழுங்கு" என்று செல்வியின் முதுகில் தட்டினார். அப்போதுதான் டிராலி வந்தது. வலிப்பில் வெட்டி வெட்டி இழுத்த உடம்பு, கடிபட்ட நாக்கு. முகம் ஊதியிருந்ததால் செல்விக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கூடவே ஓடிவந்த ராஜாம்பாளைத் தெரிந்தது, முதல் வருகையில் பார்த்த அம்சவள்ளியின் மாமியார்.

ராஜாம்பாளுக்கும் அவளைத் தெரிந்தது. கையைப் பிடித்து ஓரமாக இழுத்துச் சொன்னாள். "மூணு செவ்வாக்கெழமயும் வேலைக்குப் போவாம வூட்லயே குந்திக்கினு இருந்தா கண்ணு. தல வலிக்குதுன்னா. கீழ போலாம்டின்னு நான் சொன்னா, அந்தப் பொண்ணு வரேன்னுச்சு, வந்துடும்னா."

குழந்தையின் துடிப்பு கேட்கவில்லை. டாக்டர் நிமிர்ந்தார். "முன்னாடி யாராவது பிரஷர் பாத்தாங்களா?"

"இந்தப் பொண்ணு பாத்துச்சுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ராஜாம்பாள் மருமகளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் செல்வியின் நோட்டில் நோயாளியின் பெயரைப் பார்த்தார். "எங்க ஸ்டூடண்ட்தான் டாக்டர். நாலு விசிட் போயிருக்கா. போன செவ்வாய் நூத்தியிருவதுக்கு எம்பது."

செல்வி வாயைத் திறந்தாள். மேடம் பெருமையோடு அவளைப் பார்த்துச் சிரித்தார். செல்வி குனிந்து டிராலியின் பிரேக்கை விடுவித்தாள்.

டாக்டர் அந்த எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். டிராலியை உள்ளே தள்ளினார்கள். அம்சவள்ளியின் முந்தானை முடிச்சு கதவு இடுக்கில் சிக்கி அவிழ்ந்தது. எட்டாக மடித்த துண்டுச்சீட்டு ஒன்று தரையில் விழுந்து விரிந்தது. அதில் அந்த முதல் செவ்வாயின் தேதி, நோட்டில் இருந்த அதே குண்டு குண்டான எழுத்து.