முதல் வெல்லமும் தாசர் முடிச்சும்

"தாலியறுத்தவ முடிச்சு எடுக்கக் கூடாதுன்னா கூடாதுதான். குடு தனம், நான் கொண்டும்போய்ச் சேக்கறேன்."

"கரும்பு வெட்டறதுக்கு இந்தக் கை ஆச்சே மாமா. சாமிக்கு மட்டும் ஆவாதா?"

செலியமேட்டுப் பெருமாள் கோயில் வாசலில் விடிந்தும் விடியாமலும் இந்தச் சத்தம். முடிச்சைக் கேட்ட முத்துசாமி தாசர் தனக்கொடியின் செத்துப்போன புருஷனுக்குச் சித்தப்பா; புரட்டாசிச் சனிக்கிழமை சங்கூதி, திருவந்திபுரம் பெருமாளுக்கு நடையாக ஆள் சேர்த்துப் போகிறவர். சட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கவிச்சை ஆகாது, தலை வாரக் கூடாது, கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது, காணிக்கை கட்டின மஞ்சத்துணி முடிச்சைச் சன்னதி போய்ச் சேரும்வரை அவிழ்க்கவே கூடாது. கடைசிச் சட்டத்தில்தான் ரொம்பக் கறார். அவர் முடிச்சு மட்டும் வருஷா வருஷம் பூசணிக்காய் பருமனுக்கு இருக்கும். பக்தி பெருத்துவிட்டது என்று ஊர் நினைத்துக்கொண்டது.

தனக்கொடிக்கோ, கரும்பு ஆளுயரம் நிற்கையில் புருஷன் போய்விட்டான். தனியாளாக வெட்டிக் காய்ச்சிக் கரையேறினால், முதல் வெல்லத்தை என் கையாலேயே கொண்டுவந்து வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். கை மாறினால் அந்த நேர்த்திக்கடன் போச்சு. முடிச்சைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள்; கொடுக்கவில்லை.

தாசர் அங்கேயே ஒரு புதுச் சட்டம் போட்டார்: எல்லாருக்கும் கடைசியாக நடக்க வேண்டும். நடந்தாள். பொண்டாட்டியை இழந்த வண்டிக்கார வீரப்பன் அன்றைக்கு வழக்கத்தைவிட மெதுவாக நடந்தானாம். கூட நடந்த தையலம்மாள் சொன்னது; அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

செலியமேடு பிரெஞ்சுக்காரன் சீமை; அது முடிந்து இங்கிலீஷ்காரன் எல்லை தொடங்கும் இடத்தில் சுங்கச் சாவடி. மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னார்கள். சாமி முடிச்சு, அவிழ்த்தால் கண் போய்விடும் என்றார் தாசர். சாவடி அதிகாரியும் நாமம் போட்டவர். தயங்கி, ஒன்றே ஒன்றைக் காட்டினால் போதும், எல்லாரையும் விட்டுவிடுகிறேன் என்றார். ஒருத்தரும் நகரவில்லை.

கடைசியிலிருந்து தனக்கொடி வந்தாள். "நேர்ந்தவளும் நான், கட்டினவளும் நான். சாமிக்குத் தெரியாதது எம்முடிச்சுல ஒண்ணுமில்ல, பாருங்க."

அவிழ்த்தாள். கறுத்த வெல்லம் ஒரு கட்டி, இரண்டு எறும்பு. அதிகாரி கண்ணில் ஒற்றிக்கொண்டார். அத்தோடு போயிருக்கும். தாசருக்குத்தான் பொறுக்கவில்லை. எல்லாம் தீட்டாச்சு, வூட்டுக்குத் திரும்புடி என்று கையை ஓங்கினார். ஓங்கிய வேகத்தில் தோளில் இருந்த முடிச்சு 'கிளிங்' என்றது.

வெல்லம் அப்படிச் சத்தம் போடாது.

அவிழ்த்துப் பார்த்தால், தீர்வை கட்டாத பிரெஞ்சுக்காரன் பிராந்தி, நாலு புட்டி. தாசர் சாவடியிலேயே உட்கார வைக்கப்பட்டார். தலையில்லாத கூட்டம் முழித்தது. தனக்கொடி முடிச்சைத் திரும்பக் கட்டித் தலையில் ஏற்றி, முன்னால் போய் நின்று "கோவிந்தா" என்றாள். முதல் பதில் குரல் வீரப்பனுடையது. அன்று பகலில் வெல்லம் அவள் கையாலேயே சன்னதிக்குப் போய்ச் சேர்ந்தது.

சாவடியிலிருந்து வந்த தாசர், ஊரில் முகம் காட்டாமல் சங்கோடு நெட்டப்பாக்கத்து மகள் வீட்டுக்குக் குடிபோனார். மறுவருஷம் வைகாசியில் தனக்கொடி வீரப்பனைக் கட்டிக்கொண்டாள். ஊர்ப் பெரியவர்கள் அதற்கும் கூடாது என்றார்கள். அவள் பாகூர் மேரிக்கு, பிரெஞ்சுக்காரன் நகராட்சி ஆபீசுக்குப் போய், துரை நீட்டிய கல்யாணப் பதிவுப் புத்தகத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள். இப்போது கிருமாம்பாக்கத்தில் குடியிருக்கிறார்கள். புரட்டாசியில் முடிச்சு அவள் தலையில்தான். வீரப்பன் பின்னால் நடக்கிறான்.