பத்தியம் சொன்னவர்களின் பந்தி

ரத்னாவுக்கு வயிற்றுவலி என்று தெரிந்ததும் திருவள்ளூரில் வைத்தியர் அல்லாதவர் எவருமே இல்லை என்றாகிவிட்டது. மாதவிலக்கு வந்தால் போதும், அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவது போலிருக்கும். டெலிபோன் ஆபீஸில் கனெக்ஷன் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டும். பக்கத்து வீட்டுக்காரி கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி கத்தரிக்காயையே தின்னச் சொன்னாள். இரண்டு பேர் குரலிலும் ஒரே அதிகாரம்.

எல்லோரையும் மிஞ்சியவள் நாத்தனார் முத்தம்மாள். தனக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தவிர உலகத்தில் அவளுக்குத் தெரியாததே கிடையாது. திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வந்து தீர்ப்புச் சொன்னாள்.

"மீனுதாம்மே காரணம். பழவேற்காட்டுல பொறந்து மீனையே துன்னு வளந்த ஒடம்பு. சூடு ஏறிக்கினு கீது. கொழந்த தங்காததும் அதாலதான்."

கூடவே தேசப்பன் என்கிற வைத்தியரையும் கூட்டி வந்திருந்தாள். நாடி பிடித்த கையை எடுப்பதற்குள் அவர் பத்தியத்தைச் சொல்லி முடித்தார். மீன் கூடாது, புளி கூடாது, காரம் கூடாது. உப்பில்லாத கஞ்சியும் அவருடைய லேகியமும் கூடும். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த கணவன் இராமலிங்கம், "பெரியவங்க சொல்றாங்கோ, கேட்டா இன்னா?" என்றான்.

ரத்னா ஒரு வருஷம் கேட்டாள். உடம்பு இளைத்தது, வலி மட்டும் கொழுத்தது. "திருட்டுத்தனமா துன்றாப்பா உன் பொண்டாட்டி" என்று தம்பியிடம் சொன்னாள் முத்தம்மாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் ஒருநாள் ரத்னா ஆபீஸிலேயே சுருண்டு விழுந்தாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு மாதிரியே வெளியிலும் ஒட்டி வளர்ந்திருக்கிறது, மாதாமாதம் அங்கேயும் கசிந்து புண்ணாகிறது, இதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பேர் என்றார் லேடி டாக்டர். எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு மாத்திரையும் கொடுத்தார்.

"சாப்பாட்டால வந்ததா டாக்டர்?"

"இல்லம்மா. சாப்பாட்டால போகவும் போகாது. ஆனா ஒடம்பு தெம்பா இருந்தா சமாளிக்கலாம். எதைச் சாப்பிட்டா வயிறு உப்புதுன்னு நீயே பாத்துக் கொறச்சுக்கோ. கீரை, பயறு, மீன் எல்லாம் சாப்பிடு. ஆயுசுக்கும் ஆசையா சாப்பிட முடியாத எதையும் பத்தியம்னு வச்சுக்காதே."

வீடு திரும்பிய ரத்னா லேகிய டப்பாவைக் கவிழ்த்துக் கழுவி அதில் வெந்தயம் கொட்டி வைத்தாள். கேன்டீன் போண்டாவும் ஓயாத டீயும்தான் வயிற்றை உப்ப வைத்தன, விட்டாள். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, வாரத்தில் மூன்று நான்கு நாள் மத்தி இனத்துக் கவலை மீன் குழம்பு. பசித்துச் சாப்பிட்டாள். முகம் தெளிந்தது.

அது முத்தம்மாளுக்குப் பொறுக்குமா? மறுபடியும் வைத்தியரோடு வந்து நின்றாள். "ஆபரேசன் பண்ண ஒடம்புல மீனா? பத்தியத்த உடாத ரத்னா."

"செரி அண்ணி, இருக்கறேன். ஆனா ஒண்டியா இருக்க மாட்டேன். சொல்றவங்க அத்தினி பேரும் என்கூட இருக்கணும்."

தேசப்பன் பதறினார். "எனக்கு இன்னாம்மா நோவு?"

"நோவு இல்லாதவங்களுக்கு இன்னும் சுளுவாச்சே வைத்தியரே."

கணவனையும் பந்தியில் உட்காரவைத்து நால்வருக்கும் உப்பில்லாத கஞ்சி ஊற்றினாள். இரண்டு வாய் குடித்த வைத்தியருக்குச் சோழவரத்தில் ஒரு நோயாளி இழுத்துக்கொண்டிருப்பது ஞாபகம் வந்துவிட்டது. முத்தம்மாள் மறுநாள் மதியம்வரை தாங்கினாள். அப்புறம் வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கும் என்று சொல்லி ஸ்டேஷனுக்கு ஓடினாள். சாயங்காலம் இராமலிங்கம் வந்தபோது சட்டையெல்லாம் மசாலா வாசனை.

"இன்னிக்கு கோர்ட்டுல பாயா கேசா?"

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "ஒரு நாளு தாங்கலம்மே. நீ எப்படி ஒரு வருசம் இருந்தே?"

"இதக் கேக்கறதுக்கு உங்களுக்கு இத்தினி நாளாச்சு பாருங்க" என்றாள். மறுவாரம் மீன் மார்க்கெட்டுக்கு அவனே போனான். நாறிப்போனதைத்தான் வாங்கி வந்தான்.

வலி அடியோடு போய்விடவில்லை. சில மாதங்கள் வெந்நீர்ப் பையோடு படுத்தாள், பல மாதங்கள் வேலைக்குப் போனாள். குழந்தை பிறக்கவில்லை. முத்தம்மாளோ, "என் தம்பி பொண்டாட்டிய மீனு குட்த்து தேத்துனதே நான்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இதே நோவோடு கிடக்கும் தன் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தினம் மீன் சொல்லியிருப்பதாகப் பெருமையடித்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு மீனு புடிக்குமா அண்ணி?"

"வாசன பட்டாலே வாந்தி எடுக்குது. மருந்துன்னு நெனச்சு முழுங்கட்டுமே, இன்னா இப்போ?"

அடுத்த லீவு நாளில் ரத்னா திருநின்றவூரில் இறங்கி, நாத்தனார் வீட்டைத் தாண்டிப் போய், அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு லேடி டாக்டரைப் பார்க்கப் பட்டணம் போனாள்.