அலமாரியின் அகலம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவனுக்குக் 'கடிகாரம்' என்று பெயர் விழுந்து மூன்று நாளாகிறது. யார் எந்த வேலையை எத்தனை விநாடியில் முடிக்கிறார்கள், எங்கே நேரம் வீணாகிறது என்று அளந்து சொல்வதுதான் அந்த இஞ்சினியரின் பிழைப்பு.

மேலாளர் முதல் நாளே முடிவைச் சொல்லிவிட்டார். "ஒரு பெட்ஷீட்ட மடிக்க ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தர் போதும்னு எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

மடிப்பு மேசையில் நின்றவர்கள் அண்ணியும் நாத்தனாரும். வேலை போனால் பின்னால் சேர்ந்த நாத்தனாருக்குத்தான் போகும்.

"எப்படித் தம்பி மடிக்கணும்?" என்றாள் அண்ணி. "மெதுவா மடிச்சா சோம்பேறிம்பீங்க. வேகமா மடிச்சா ஒரு ஆள் போதும்பீங்க."

"எப்பவும்போல மடிங்க."

"எப்பவும்போலன்னா சண்டை போட்டுக்கிட்டே மடிக்கணும்" என்றாள் நாத்தனார்.

இருபது விநாடி, சண்டையோடு சேர்த்து.

பிறகு தனித்தனியாக மடிக்கச் சொன்னான். ஒரு நிமிடம் பத்து விநாடி. மூன்றில் ஒன்று தரையைத் தொட்டது. தொட்டது மறுபடி சலவைக்கு. அவனுக்கு இது புதிதல்ல. மனைவி இறந்ததிலிருந்து எட்டு மாதமாக அவன் வீட்டு விரிப்பு, மறுமுனை பிடிக்க ஆளில்லாமல், நாற்காலியில் சுருண்டு கிடக்கிறது.

ஆனால் இந்தக் கணக்குக்கெல்லாம் மேலாளர் மசியமாட்டார். காலையில் போகும் விரிப்புகள் மதியம்தான் கட்டிலேறுகின்றன. நேரம் வேறெங்கோ ஒழுகுகிறது. வியாழக்கிழமை தள்ளுவண்டியின் பின்னாலேயே வார்டுக்கு நடந்தான்.

அங்கே உதவியாளர் ஒருத்தி, வந்த விரிப்பையெல்லாம் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா பிரிக்கிறீங்க?"

"இந்தப் புது அலமாரி ஒல்லி. உள்ள போகாது. பாதியா மடக்கினா தலகாணி மாதிரி உப்பிக்குது."

"புதுசுன்னா?"

"நாலு வருஷம் ஆச்சு."

"சலவையில சொல்லலையா?"

"அவங்க கேக்கலையே."

ஒன்றுக்கு முப்பத்தைந்து விநாடி. எல்லா வார்டிலும் இதே அலமாரிதான்; நாளொன்றுக்கு மொத்தம் இருநூற்று நாற்பது விரிப்பு. அலமாரியை டேப்பால் அளந்தான். திரும்பி வந்து மடிப்பு மேசையில் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு போட்டான். கோட்டுக்குள் அடங்கும்படி இருவரும் மடித்தார்கள். இருபத்திரண்டு விநாடி.

"ரெண்டு கூடிப்போச்சே" என்றாள் நாத்தனார்.

"நீ வாயக் குறைச்சா சரியாயிடும்" என்றாள் அண்ணி.

வெள்ளிக்கிழமை மேலாளர் மடிப்பு மேசையருகே நின்றே அறிக்கையைப் படித்தார். "இதுல ஆள் குறையலையே."

"வார்டுல ரெண்டே கால் மணி நேர வேலை குறையுது சார். ஒருத்தர வேலைய விட்டு எடுத்தா இங்க அதைவிடக் கூடும்."

"தனியா மடிக்க முடியாதா என்ன?"

அவன் ஒரு விரிப்பை எடுத்து அவரிடம் நீட்டினான். கடிகாரத்தை அழுத்தினான்.

மேலாளர் கைகளை அகல விரித்தார். நடுவைத் தாடையால் பிடித்தார். ஒரு முனை நழுவியது. அதைப் பிடிக்கக் குனிந்தபோது மறுமுனை தரையைத் துடைத்தது.

"அத மறுபடி துவைக்கணும் சார்" என்றாள் நாத்தனார், மரியாதையாக.

மேலாளர் அதை அழுக்குக் கூடையில் போட்டார். பேனாவை எடுத்தார். "ரெண்டு பேரும் இருக்கட்டும். ஒரு மாசம் பாப்போம்."

"மூணு மாசம் சார். பழகவே ஒரு மாசம் ஆகும்."

மேலாளர் அவனைப் பார்த்தார். அவன் பார்வையைத் தாழ்த்தவில்லை. 'மூன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணி அடுத்த விரிப்பை உதறி இரண்டு முனையை எதிர்ப்பக்கம் வீசினாள்.

"பிடிடி. கடிகாரம் ஓடுது."