விட்டுப்போன நியூட்ரான்

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி நெருங்கினால் டியூஷன் சென்டர் இயற்பியல் வாத்தியாருக்குக் காபி கூடத் தொண்டையில் இறங்காது. அம்மாவோடு வேறு ஊரில் இருக்கும் மகள் அப்போதுதான் சந்தேகம் கேட்கக் கூப்பிடுவாள். மனைவி பிரிந்துபோன இந்த நாலு வருஷத்தில் அவருக்கு மிஞ்சியது அந்தச் சந்தேகங்கள்தான். எப்படி இருக்கீங்க என்று ஒரு வார்த்தை வராது. போகட்டும், கணக்காவது கேட்கிறாளே!

இன்றைக்கு அணுக்கருப் பிளவு. புத்தகத்தின் கடைசிப் பாடம். இது முடிந்தால் அவரைக் கூப்பிட அவளுக்கு ஒரு சாக்கும் இல்லை.

"அப்பா, யுரேனியம் 235 மேல ஒரு நியூட்ரான் மோதுது. பேரியம் 141-ம் மூணு நியூட்ரானும் வருது. கூட வர்ற இன்னொண்ணு என்னன்னு கேட்டிருக்காங்க."

"முதல்ல அணு எண்ணைப் பாரு. யுரேனியம் 92, பேரியம் 56. மிச்சம்?"

"36. கிரிப்டான்!"

"அப்படிப் போடு! இப்ப நிறை எண்."

இங்கேதான் மனுஷனுக்குப் புத்தி கோணலாகப் போனது. 235-உடன் மோத வந்த நியூட்ரானுக்கு ஒன்று கூட்ட வேண்டும். அதை விட்ட பிள்ளைகளை இருபது வருஷமாக உண்டு இல்லை என்று பண்ணியவர் அவர்.

"235-ல 141 போச்சு, மூணு போச்சு. 91" என்றார், கொஞ்சமும் கூசாமல். புத்தகத்தின் பின்னாலிருக்கும் விடையோடு ஒத்துப்போகாது, திரும்பக் கூப்பிடுவாள். இன்னும் பத்து நிமிஷம் அவள் குரலைக் கேட்கலாம்.

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

அவர் குளிக்கப் போகவில்லை, கடைக்கும் போகவில்லை. போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. மாடிவீட்டுக் குக்கர் கூவும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. தனிமை தனிமை என்கிறார்களே, அந்தச் சனியன் இப்படித்தான் இருக்கும்.

ஒரு மணிக்குச் செய்தி வந்தது.

'92 தான்பா. மோத வர்ற நியூட்ரானைச் சேர்க்க மறந்துட்டீங்க. நீங்க போய் இதை விடுவீங்களா? ரொம்ப அலுத்துப் போயிருக்கீங்கபோல. பாவம்பா. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ணலை, நானே போட்டுக்கறேன்.'

'வேணும்னேதான் விட்டேன் கண்ணு' என்று அடித்தார். ஏன் என்று கேட்பாளே! கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அழித்தார். 'கெட்டிக்காரி' என்று மட்டும் அனுப்பினார்.

அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டாள். அவ்வளவுதான்.