மிதி, விடு

பிரேக் பெடலை மகள் மறுபடி மிதித்துப் பார்த்தாள். அசையவில்லை. கருங்கல்லாக இருந்தால்கூட மரியாதைக்குக் கொஞ்சம் நெளிந்திருக்கும்.

விடிகாலையில் போய்ச் சேர்ந்த அப்பா முன்னறையில் படுத்திருந்தார். கடைசியாகத் தன்னை இந்த வேனில்தான் ஏற்றிப் போக வேண்டும் என்று ஊரில் பாதிப் பேரிடம் சொல்லியிருந்தார். மீதிப் பேர் அன்றைக்கு ஊரில் இல்லை. வேனோ, சக்கரம் கண்டுபிடித்த மறுநாள் வாங்கியது.

"வேற வண்டி சொல்லிடலாம்மா," என்றார் சித்தப்பா. "அண்ணனே ரெண்டு மாசமா முட்டிமோதியும் பிடிபடல."

அதுதான் ஆச்சரியம். தெருமுனையில் ஒரு பஸ் இருமினால், எந்த போல்ட் லூஸ், டிரைவர் வீட்டில் என்ன சண்டை என்று சொல்லிவிடும் மெக்கானிக் அவர். உடம்பு முடியாமல் போனபின், திறந்த பானட் முன்னால் நாற்காலி போட்டு தினமும் உட்கார்வார். அம்மா டீ கொண்டுவருவாள். "இன்னும் பிடிபடல," என்பார்.

"ஒரே ஒரு தடவை பாத்துடறேன், சித்தப்பா."

இன்ஜினை அணைத்தாள். பெடலைச் சில முறை மிதித்து, காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினாள். பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்குக் காற்றிழுப்பு வந்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை. பானட்டைத் தூக்கினால், பூஸ்டருக்குப் போகும் குழாயையே காணோம்.

"பேட்டரிக்குப் பின்னால பாரு," என்றாள் அம்மா, வாசலிலிருந்து. "நான்தான் கழட்டினேன்."

"அம்மா!"

"ஓட்டாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. கேட்டாரா? சாவியை ஒளிச்சா கம்பியை விட்டுக் கிளப்புவாரு. பிரேக் சரியில்லேன்னா மட்டும் வாசல் தாண்ட மாட்டாரு. கல்யாணமான நாள்லேருந்து அவர் கீழே படுத்துக்கிட்டு 'மிதி, விடு'ன்னு சொல்லச் சொல்ல இந்த பெடலை மிதிச்சவளுக்கு எதைக் கழட்டணும்னு தெரியாதா?" அழுகைக்கு நடுவே ஒரு பெருமை எட்டிப்பார்த்தது. "ஏமாத்திட்டேன்டி அவரை. சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள..."

மகள் கையைவிட்டுக் குழாயை இழுத்தாள். அதன் வாயில் அப்பாவின் பழைய கட்டம்போட்ட சட்டைத் துணி. சுற்றிலும் மெல்லிய கம்பி, கழற்றுகிறவர் விரலைக் குத்தாமல் முனை உள்ளே மடக்கப்பட்டிருந்தது. உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அப்படிக் கட்டுவார்.

அம்மா துணியை வாங்கிப் பார்த்தாள்.

"தூசி போகக்கூடாதுன்னு அடைச்சிருக்காரு. அப்போ தெரிஞ்சேதான் 'பிடிபடல'ன்னாரா?"

சித்தப்பா, வேறு வண்டிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த பக்கத்துவீட்டுக்காரரைத் தடுக்க உள்ளே போனார்.

மகள் குழாயை மாட்டி இறுக்கினாள். யாரும் சொல்லாமலே அம்மா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"மிதிம்மா."

மிதித்தாள்.

"இன்னும் நாலஞ்சு தடவை... அப்படியே பிடி. சாவியைத் திருப்பு."

வேன் இருமிக்கொண்டு எழுந்தது. அம்மாவின் காலடியில் பெடல் மெல்லக் கீழே இறங்கியது.

அடுத்து 'விடு' என்று சொல்ல வேண்டும். மகள் சொல்லவில்லை. மடியில் அந்தத் துணியோடு, காலை எடுக்காமல், அம்மா உட்கார்ந்திருந்தாள்.