லூமாவுக்கு ஒரு அறை

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ‘லூமா’ என்று வந்தது. மெத்தைக் கம்பெனியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள், தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவள் போல, நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். இத்தனை வருஷமும் அந்த இடத்தில் பச்சை எழுத்தில் ஏதோ ஒரு நீளமான பெயரும் கடைசியில் நாற்பது என்ற எண்ணும் இருக்கும். நீளமான பெயரை யாரும் வாயால் சொன்னதில்லை. ஆர்டர் எடுப்பது, பஞ்சு வரவழைப்பது, லாரிக்கு அனுப்புவது, சம்பளம் போடுவது எல்லாமே அவள் மேஜையருகே பீரோ போல நின்ற அந்த ‘நாற்பது’தான். அதைப் பார்த்துக்கொண்டதால் அவள் ‘நாற்பதக்கா’ ஆனாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணமான கையோடு, அந்தப் பெயரைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நிஜமாகவே நாற்பதைத் தாண்டிய வருஷம் யாருக்கும் தெரியாமல் தானே சிரித்துக்கொண்டாள்.

லாரி ஏற்றும் பக்கத்திலிருந்து போன் வந்தது.

“அக்கா, நம்ம கம்ப்யூட்டர யாரோ மாத்திட்டுப் போயிட்டாங்க. நான் எதையும் தொடல. பயமா இருக்கு.”

“உள்ள போய்ப் பாருங்க. எல்லாம் பழையபடிதான் இருக்கும்.”

“பழையபடிதான்க்கா இருக்கு. அதான் பயமா இருக்கு.”

பத்து மணி வாக்கில் மாப்பிள்ளை வந்தார். முதலாளியின் மகளைக் கட்டியவர். முதலாளி வாய் நிறைய அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கம்பெனியில் வாட்ச்மேன் வரைக்கும் அவருக்கு அதுவே பெயர். முதலாளி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து இவர்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். மாமனாரின் நாற்காலியில் மட்டும் இன்னும் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்வார்.

“அக்கா, ஹோட்டல்ல ஒரு கூட்டம்னு போனேனே, அங்கயே கையெழுத்து போட்டுட்டேன். லூமா வருது. நாற்பதத் தூக்கிடலாம்.”

“சார், லூமாங்கிறதே இதுதான் சார். பேர மட்டும் மாத்தியிருக்காங்க.”

“இல்லக்கா. நான் பார்த்தேன்.” அவர் குரல் தணிந்தது. முந்தின ராத்திரி கண்ட கனவைச் சொல்பவர் போலச் சொன்னார். “பெரிய சுவர் முழுக்க வெள்ளை. அதுல எழுத்தே இல்ல. கைய வெச்சா வெளிச்சம் நகருது. இந்தப் பச்சை எழுத்தா அது?”

ஒரு வழவழப்பான புத்தகத்தை நீட்டினார். அட்டையில் ஒரு பெண் உள்ளங்கையை விரித்திருந்தாள். அதன் மேல் வெளிச்சம் ஒரு பறவைக்குஞ்சு போல உட்கார்ந்திருந்தது. பக்கங்களைப் புரட்டப் புரட்ட நாற்பதக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை தன்னுடையது வேறு லூமாவோ? உண்மையான லூமா எங்கேயோ தனியாக இருந்து, இங்கே பெயர் மட்டும் வழிதவறி வந்துவிட்டதோ? இணையத்தில் தேடினாள். படுக்கையறை விளக்குகள்தான் வந்தன.

கடைசியில், எப்போதும் போல, நாற்பது லைன்காரரைக் கூப்பிட்டாள். அந்த இயந்திரத்தைச் செய்த கம்பெனியில் உதவி கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்கிறவர் அவர். வருஷக்கணக்கான பழக்கம், ஆனால் நேரில் பார்த்ததில்லை. நாற்பது எந்த வேலைக்கும் கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கொள்ளும். அது முடிகிற வரை இருவரும் லைனில் காத்திருப்பார்கள். அவருடைய அம்மாவின் கண் ஆபரேஷன், இவள் மகளின் பரீட்சை, இரண்டு பக்கத்து மழையும் அந்தக் காத்திருப்பில்தான் பேசப்பட்டன. யார் மூத்தவர் என்று தெரியாமலேயே அவர் அக்கா என்பார், இவள் சார் என்பாள். அவரென்றால் இவளுக்கு, பேச்சுக்கு முன்னால் வரும் ஒரு சின்ன செருமல், டீயை உறிஞ்சும் சத்தம், அவ்வளவுதான்.

“எனக்கே புரியலக்கா,” என்றார் அவர். “எங்க ஆபீஸ்ல நாற்பது கீழ் மாடி, லூமா மேல் மாடி. மேல போய்ப் பார்த்தா எங்காளுங்களேதான் உக்காந்திருக்காங்க, வேற கலர் சட்டையில. என்னப் பார்த்து ‘நீங்க யாரு’ங்கறாங்க.”

இவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“வெள்ளிக்கிழமையோட இந்த நம்பர் இருக்காதாம்க்கா.”

“அப்ப நான் யாரக் கூப்பிடறது?”

“லூமா லைன.”

“அதுல நீங்க இருப்பீங்களா?”

செருமினார். “இன்னும் ஒண்ணும் சொல்லல.”

அடுத்த வாரம் லூமா லைனில் ஒரு பெண் பேசினாள். தேன் தடவிய குரல். “நாற்பதா? அப்படி ஒரு பொருளே எங்ககிட்ட இல்லையே மேடம்.” இவள் சுதாரித்துக்கொண்டு, தன்னிடம் இருப்பது லூமாதான் என்றாள். எப்போது வாங்கியது என்று அவள் கேட்க, இவள் வருஷத்தைச் சொன்னாள். காத்திருக்கச் சொல்லி, மறுமுனையில் கொஞ்ச நேரம் வீணை ஒலித்தது. “அப்ப லூமாவே பொறக்கலையே மேடம்.”

இதற்கிடையில் மாப்பிள்ளை சாம்பிள் மெத்தைகள் வைத்திருந்த அறையைக் காலி செய்து, சுவருக்கெல்லாம் வெள்ளையடித்து, ஏசி போட்டு, ஜன்னலைப் பெரிதாக்கினார். லூமா வந்து இறங்க வேண்டிய இடம். “அது வந்ததும் நீங்க ஷோரூமப் பார்த்துக்குங்கக்கா,” என்றார். “மெத்தையப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?” அவள் ஒரு மெத்தையைக்கூட விற்றதில்லை. வீட்டில் சொன்னபோது கணவர், “பேசாம நீயும் லூமாக்கான்னு பேர மாத்திக்கோ, விட்டுருவாங்க,” என்றார்.

லூமா வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று அறை மட்டும் குளிர்ந்துகொண்டே இருந்தது. முதலில் தையல் பிரிவுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு மதியச் சாப்பாட்டுக்கு மேல் உள்ளே வந்து சுவரோரம் உட்கார ஆரம்பித்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு யாரோ ஒரு மெத்தையை இழுத்துப் போட்டார்கள். அந்த அறைக்குள் யாரும் உரக்கப் பேசவில்லை. குழந்தை தூங்கும் வீட்டில் பேசுவது போலப் பேசினார்கள். வெள்ளைச் சுவரில் வெயில் மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால், இதுதான் லூமாவோ, வந்தே விட்டதோ என்று நாற்பதக்காவுக்குத் தோன்றும்.

ஒரு மதியம் எல்லோரும் போனபின் மாப்பிள்ளை அங்கே தரையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“மாமா தினமும் கேக்கறாரு. நான் புதுசா ஒண்ணு கொண்டு வர்றேன்னு அவருக்கு ஒரு சந்தோஷம். கண்ண மூடிக்கிட்டு ‘எப்படி இருக்கும் மாப்ளே’ங்கறாரு. நானும் சொல்லிக்கிட்டே போறேன். சொல்லச் சொல்ல அது பெருசாகிட்டே போகுதுக்கா.”

ஷோரூம் விஷயமாகத்தான் அவள் பேச வந்தாள். பேசாமலே திரும்பிவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஒருவர் தோளில் சின்னப் பையோடு வந்து அவள் மேஜை முன் நின்றார். குள்ளமானவர், காதோரம் நரை. வாயைத் திறக்குமுன் செருமினார். “லூமா போட வந்திருக்கேன்.”

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. “உக்காருங்க சார்,” என்றாள். அந்தக் குரலில் அவருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. உட்காரப் போனவர் பாதியில் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், மேஜை மேலிருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை ஓடி வந்தார். வாசலில் லாரி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். வந்தவர் பையிலிருந்து உள்ளங்கையளவு உலோகத் தகடு ஒன்றையும் ஒரு திருப்புளியையும் எடுத்து வைத்தார். தகட்டில் லூமா என்று இருந்தது.

“நாற்பது மேல இத மாட்டணும் சார். மத்ததெல்லாம் ஏற்கெனவே உள்ளயே வந்தாச்சு.”

மாப்பிள்ளை தகட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. கோபப்படவில்லை. “நாளைக்கு மாமா வர்றாரு,” என்றார். “வீல்சேர்ல. லூமாவப் பார்க்கணுமாம்.”

முதல் நாளே சொன்னேனே என்று நாற்பதக்கா சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அன்று மதியம் வெள்ளை அறைத் தரையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைத்தான் நினைத்தாள்.

“இதையே அந்த ரூமுக்குக் கொண்டு போயிடலாம் சார். இதுக்கும் வயசாச்சு, அங்க நல்லா குளுகுளுன்னு இருக்கும்.”

“மாமா கேட்டா?”

“லூமான்னு சொல்லுங்க. பொய்யில்லையே?”

அவர் தகட்டை லைன்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, “அப்ப உங்க மேஜையும் அங்கயே வந்துடட்டும்,” என்றார்.

நாற்பதை அணைத்தார்கள். அணைத்த பிறகுதான் அது இத்தனை காலமும் ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. தையல்காரப் பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். நாலு பேர் சேர்ந்து மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடைபாதையில் இருந்தவர்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். வெள்ளை அறையில் நிறுத்தி, வயர்களை மாட்டி, சுவிட்சைப் போட்டார்கள். திரை கறுப்பாகவே இருந்தது.

லைன்காரர் அவள் பக்கத்தில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். “அது வந்துக்கா… முதல்ல அந்த… இல்ல…” வார்த்தை வரவில்லை. அவளுக்கும் கேட்க வாய் வரவில்லை. அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு நிமிஷம்க்கா,” என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். நழுவிவிட்டாரோ என்று மாப்பிள்ளை நெற்றியைத் தேய்த்தார்.

அவள் போன் அடித்தது.

“சொல்லுங்கக்கா. இப்ப திரையில என்ன தெரியுது?”

வருஷக்கணக்காக லைனில் கேட்ட அதே குரல். பதற்றமே இல்லை.

“ஒண்ணும் தெரியல சார். இருட்டா இருக்கு.”

“இருக்கட்டும். அதுக்கு நேரம் குடுப்போம். நீங்க லைன்லயே இருங்க.”

ஜன்னலுக்கு வெளியே, பஞ்சுப் பொதிகள் அடுக்கிய முற்றத்தில், அவர் போனைக் காதில் வைத்து நடந்துகொண்டிருந்தார். மற்றொரு கை காற்றில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தது.

“அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு சார்?”

“இப்ப ஊசியில அவங்களே நூல் கோக்கறாங்கக்கா.”

காற்று வீசியது. பிரிந்திருந்த ஒரு பொதியிலிருந்து பஞ்சுத் துணுக்குகள் எழும்பி, அவசரமில்லாமல் அவர் தலையிலும் தோளிலும் இறங்கின. அவர் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நாற்பதக்கா திரையை நோக்கித் திரும்பினாள். அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது. அதற்குள் வெயிலில், கட்டைவிரல் அளவில், தலையெல்லாம் வெள்ளையாக ஒரு மனிதர் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.