அத்தை கொடுத்த சிறுநீரகம்

ஐந்தாம் மாத ஸ்கேனில், வயிற்றிலிருந்த குழந்தைக்கு இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், ஆனால் பிறந்த பிறகு விடாமல் பார்க்க வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த தாய் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறவள். ‘தானாகவே’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

பெண் பிறந்தாள். இரண்டாம் நாள் ஸ்கேனில் வீக்கம் அதிகமில்லை. “இப்பவே சரியாத் தெரியாது. ஒரு மாசம் கழிச்சுக் கட்டாயம் வாங்க” என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டை வாங்கிப் படித்தவள் நாத்தனார். கணவனின் அக்கா, ஒரு கிளினிக்கில் நர்ஸ். அந்த வீட்டில் தும்முவதென்றாலும் அவளைக் கேட்டுவிட்டுத்தான் தும்முவார்கள்.

“பத்து வருஷமா நான் என்ன பஞ்சு மிட்டாயா வித்துட்டிருக்கேன்? இது முக்காவாசி தானா சரியாயிடும். பச்சப் புள்ளய எதுக்கு இழுத்தடிக்கிற?”

“இல்ல அண்ணி, டாக்டரே வரச் சொல்லி...”

“அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

கணவன் தலையாட்டினான். அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தாள்; மறுபடி லீவு கேட்டு சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்க அவளுக்கும் மனமில்லை. போகவில்லை.

குட்டிக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு முறையும் அத்தைதான் மருந்தோடு ஓடிவந்தாள். மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தாள். சிறுநீரைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. எட்டு வயதிலும் குட்டி படுக்கையை நனைத்தபோது வீடே கேலி செய்தது. பெற்றவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

பத்தொன்பது வயதில், வேலைக்குச் சேருமுன் நடந்த மருத்துவப் பரிசோதனையில் குட்டிக்கு ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. அடுத்தடுத்த சோதனைகளில் இரண்டு சிறுநீரகங்களும் தழும்பேறிச் சுருங்கிப்போனது தெரிந்தது.

“சின்ன வயசுல அடிக்கடி காய்ச்சல் வந்துச்சா? சிறுநீர்த் தொற்றைக் கவனிக்காம விட்டா இப்படித்தான் தழும்பாகும்” என்றார் டாக்டர்.

அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடத்தில் டயாலிசிஸ். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அம்மாவின் ரத்தம் சேரவில்லை. அத்தையின் ரத்தம் சேர்ந்தது. யாரும் கேட்கும் முன்பே அத்தை கையெழுத்துப் போட்டாள்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வார்டில் உறவுக்காரர்கள் வரிசைகட்டி வந்து நாத்தனாரைக் கும்பிட்டார்கள். “பெத்தவளே குடுக்காதத நீ குடுத்திருக்க” என்றார் பெரியப்பா. பெற்றவள் தலைமாட்டில் நின்று எல்லாருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள்.

“அந்தச் சீட்டு விஷயம்... குட்டிகிட்ட சொல்லிடாத.”

“சொல்ல மாட்டேன் அண்ணி.”

“என் மேல கோவமே இல்லையா உனக்கு?”

“வயிறெல்லாம் எரியுது. ஆனா சொன்னா, ‘நீ ஏம்மா கூட்டிட்டுப் போகல’ன்னு முதல்ல என்னைத்தான் கேப்பா.”

நாத்தனார் கையை விட்டுவிட்டாள்.

மருந்தை வேளை தவறாமல் கொடுக்க நர்ஸ் ஒருத்தி கூட இருப்பதே நல்லது என்று குட்டி அத்தை வீட்டுக்கே குடிபோனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போய்ப் பார்ப்பாள். கதவைத் திறந்ததும் குட்டி சொல்வாள்:

“செருப்ப வெளிய விட்டுட்டு, கைய கழுவிட்டு வாம்மா. உனக்கு இதெல்லாம் தெரியாது. அத்தைக்குத்தான் தெரியும்.”

அவள் கழுவிக்கொண்டு வருவாள்.